எந்த மாதம் கிளம்பலாம்? செட்டிநாட்டிலிருந்து தேசியப் பூங்காக்களுக்கும் வேட்டங்குடிக்கும் போவோர் கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், திருப்பத்தூர் பக்கத்துக் குடும்பங்கள் காடு பார்க்கக் கிளம்பும்போது வேன் வாடகையை விசாரிப்பார்கள், தங்கும் இடத்தை விசாரிப்பார்கள். மாதத்தை மட்டும் விசாரிப்பதில்லை. பள்ளிக்கூட லீவு அதை முடிவு செய்துவிடுகிறது. கத்திரி வெயிலில் போய்விட்டு, "ஒரு மானைக்கூடக் காணோம்" என்று சோர்ந்து திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அதே காட்டுக்கு வேறொரு மாதத்தில் போயிருந்தால் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் மாதத்தைப் பற்றி மட்டும் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள். எந்த மாதம் நல்லது?

எதைப் பார்க்க ஆசை என்று முதலில் முடிவு செய்யுங்கள். நீர்ப்பறவை என்றால் மார்கழி, தை. யானை, காட்டுமாடு போன்ற பெரிய விலங்கு என்றால் மார்கழி பாதி முதல் தை கடைசி வரை. அருவியும் பசுமையும் என்றால் புரட்டாசி. கடலும் தீவும் என்றால் தை பிற்பகுதி முதல் பங்குனி வரை. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதம் என்று ஒன்று கிடையாது.

காரணம் மழை. நம் பக்கத்துக்குப் பெரும்பங்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவுகளுக்கோ ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம்தான் முக்கியம். ஆடியில் நம் ஊருணி வெடித்துக் கிடக்கும்போது வால்பாறையில் குடை மடக்க முடியாது. நம் ஊர் வானத்தைப் பார்த்து மலைக்கு நாள் குறித்தால் சரியாக வராது.

செட்டிநாட்டுக்குள்ளேயே தேசியப் பூங்கா ஏதாவது உண்டா?

இல்லை. தமிழ்நாட்டில் தேசியப் பூங்கா ஐந்துதான்: முதுமலை, ஆனைமலையில் உள்ள இந்திரா காந்தி தேசியப் பூங்கா, முக்கூர்த்தி, மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா, சென்னை கிண்டி. நமக்குப் பக்கம் மன்னார் வளைகுடா. எல்லை தாண்டினால் கேரளத்தின் இரவிகுளமும் தேக்கடியும் ஒரு நாள் பயணத்தில் எட்டிவிடும்.

ஆனால் வாசலிலேயே ஒரு சரணாலயம் இருக்கிறது. திருப்பத்தூரிலிருந்து மதுரைச் சாலையில் போனால் வருகிற வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். தூரத்துக் காட்டுக்குப் போகுமுன் பிள்ளைகளை இங்கே கூட்டிப் போங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். அமைதியாக நின்று பார்ப்பது எப்படி என்பதை இந்தக் கண்மாய்க் கரையில் அவர்கள் பழகிக்கொள்ளலாம்.

வேட்டங்குடிக்கு எப்போது போவது?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. நல்ல மழை பெய்த வருடம் என்றால் நவம்பர் கடைசியிலேயே போகலாம், மார்ச் தொடக்கம் வரையும் ஏதாவது இருக்கும்.

பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி என்ற மூன்று கண்மாய்கள் சேர்ந்ததுதான் இந்தச் சரணாலயம். 1977இல் அறிவித்தார்கள். மொத்தப் பரப்பு 38.4 ஹெக்டேர். சின்ன இடம்தான். ஆனால் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் கிளைக்குக் கிளை கூடு இருக்கும் நாளில் பார்த்தால் பரப்பெல்லாம் நினைவுக்கு வராது.

எல்லாம் தண்ணீரில்தான் தொடங்குகிறது. ஐப்பசி மழையில் கண்மாய் நிறைகிறது. மரங்களின் அடி மூழ்குகிறது. அடியில் தண்ணீர் நின்றால் காட்டுப்பூனையும் நாயும் மரத்தை அண்ட முடியாது, அதனால் கூடு பத்திரம். அதே மழையில் சுற்றுவட்டார வயல்களில் நடவு நடக்கிறது, நத்தையும் தவளையும் சிறுமீனும் பெருகுகின்றன. நத்தைக்குத்தி நாரைக்கு வேறென்ன வேண்டும்? அதன் அலகு நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருக்கும். நத்தை ஓட்டுக்குள்ளிருந்து சதையை எடுப்பதற்கென்றே அமைந்த அலகு அது. முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சு இறக்கை முளைத்துப் பறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல். நவம்பரில் கூடு கட்டினால் ஜனவரியில் குஞ்சுகள் கழுத்தை நீட்டி இரைக்குக் கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்கிற மாதிரி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நத்தைக்குத்தியோடு சாம்பல் நாரை, வக்கா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் எல்லாம் வரும். "வெளிநாட்டுப் பறவைகள்" என்று பொதுவாகச் சொல்கிறோமே, இவற்றில் பெரும்பாலானவை இந்த நாட்டுக்குள்ளேயே தண்ணீரைத் தேடி இடம் மாறுகிறவை. வடக்கே ஆசியாவின் குளிரிலிருந்து உண்மையாகவே நெடுந்தூரம் பறந்து வருபவை ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்தினங்கள். அவை குளிர்காலம் முடிந்ததும் கிளம்பிவிடும். வாத்துக்காகப் போகிறவர்கள் தையைத் தாண்டவிடக் கூடாது.

மழை பொய்த்த வருடத்தில்?

போக வேண்டாம். கண்மாய் நிறையாவிட்டால் கூடு இருக்காது, பறவைகள் வேறு நீர்நிலை தேடிப் போய்விடும். தெரிந்துகொள்ள எளிய வழி உங்கள் ஊர் ஊருணிதான். கார்த்திகை பிறந்தும் ஊருணிப் படிக்கட்டில் பாதிகூட நனையவில்லை என்றால் கொள்ளுக்குடிப்பட்டியிலும் அதே நிலைமை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கோடை மழையோ ஆடி மழையோ நம் பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெய்யும். அதனால் திருப்பத்தூரில் தெரிந்தவர் யாரிடமாவது கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்பது உண்மையா?

உண்மை. கொள்ளுக்குடிப்பட்டியிலும் வேட்டங்குடியிலும் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. தீபாவளி ஐப்பசியில் வருகிறது. பறவைகள் வந்து இறங்கி, இந்த மரத்தில் கூடு கட்டலாமா என்று பார்க்கிற நேரமும் அதுதான். அந்த வாரத்தில் ஒரு சரவெடி போதும், கூட்டமே எழுந்து போய்விடும். ஊர்ப் பிள்ளைகள் மத்தாப்பைக்கூட விட்டுக்கொடுத்து வளர்கிறார்கள். வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்வதும் வழக்கமாகிவிட்டது. நாம் ஜனவரியில் போய்ப் பார்க்கிற குஞ்சுகள் அந்த ஊர்க்காரர்கள் அக்டோபரில் காத்த அமைதியில் பிறந்தவை. அவர்களுடைய ஊருக்குள் பார்க்க வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

எந்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்? பொங்கல் லீவில் போகலாமா?

சூரியன் எழும்போது கரையில் நிற்பது நல்லது. இரை தேடக் கிளம்பும் கூட்டத்தைப் பார்க்கலாம். முடியாவிட்டால் மாலை நாலரைக்கு மேல். நடுப்பகலில் கூடுகள் தெரியும், பறப்பது குறைவு.

பொங்கல் லீவு மாதக் கணக்கில் அருமையான நேரம். ஆனால் அந்த நாட்களில் சிராவயல் மஞ்சுவிரட்டு இருக்கிறது. காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் அன்று வண்டி நகராது. தைப்பூசத்தை ஒட்டிய வாரத்தில் குன்றக்குடி, சிங்கம்புணரி வழியாகப் பழனிக்கு நடக்கும் காவடிக் கூட்டம் சாலையில் இருக்கும், அதிகாலையில் வண்டியை மெதுவாக ஓட்ட வேண்டும். மஞ்சுவிரட்டு முடிந்த அடுத்த சனி, ஞாயிறில் போங்கள். கண்மாயில் தண்ணீர் ஒரு வாரத்தில் வற்றிவிடாது.

முதுமலைக்கு எந்த மாதம்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அதிகம் பேர் போவதும், அதிகம் பேர் ஏமாற்றத்தோடு திரும்புவதும் இங்கேதான்.

முதுமலையில் பெரும்பகுதி இலையுதிர் காடு. கோடை நெருங்க நெருங்க மரங்கள் இலையை உதிர்க்கும். மழைக்காலத்தில் சாலையோரம் உண்ணிச்செடி புதர் மண்டிப் பத்தடிக்கு அப்பால் யானை நின்றாலும் தெரியாது. ஜனவரியில் அந்தப் புதர் மெலியத் தொடங்குகிறது. காட்டுக்குள் இருக்கும் சின்ன ஓடைகள் வற்றுவதால் விலங்குகள் மாயாற்றையும் பெரிய குட்டைகளையும் நோக்கி வருகின்றன. மறைக்க இலை இல்லை, குடிக்க வேறு இடம் இல்லை. பார்ப்பதற்கு ஜனவரி, பிப்ரவரி முதல் பாதி நல்ல காலம் என்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் மார்ச், ஏப்ரல் இன்னும் நல்லதுதானே என்று கேட்பீர்கள். காய்ந்த காட்டில் தீ பிடிக்கிற காலமும் அதுதான். பிப்ரவரி பின்பாதியிலிருந்து ஏப்ரல் வரை தீ அபாயத்தைப் பொறுத்து, காட்டுக்குள் வண்டியில் கூட்டிப்போகும் சவாரியை வனத்துறை நிறுத்திவிடக்கூடும். வனக்காவலர்கள் இரவு பகலாகத் தீத்தடுப்புக் கோடு வெட்டிக்கொண்டு காட்டுக்குள் கிடக்கிற காலத்தில், கதவு மூடியிருக்கிறது என்று அவர்களிடம் சண்டை போடுவது நியாயமில்லை. இந்த மாதங்களில் போவதாக இருந்தால் முந்தின நாள் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். கோடை முற்ற முற்ற யானைகளில் ஒரு பகுதி கர்நாடகப் பக்கம் கபினி அணையின் தண்ணீரை நாடியும் போய்விடும்.

இன்னொரு நல்ல காலம் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மழை விட்ட செப்டம்பர் கடைசி. புல் புதிதாகத் துளிர்த்திருக்கும், சாலையோரப் புல்வெளியில் புள்ளிமானும் காட்டுமாடும் மேய வரும். காலாண்டு விடுமுறை அந்தச் சமயத்தில்தான் வருகிறது. மே மாதத்தில் மூன்று பங்கு பணம் கொடுத்து நெருக்கடியில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

டிசம்பர், ஜனவரி அதிகாலைக் குளிர் நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமில்லாதது. முதுமலையின் தெப்பக்காட்டிலேயே ஸ்வெட்டர் இல்லாமல் வேனில் உட்கார முடியாது, ஊட்டி இன்னும் மோசம். குரங்குக் குல்லாய், சால்வை எல்லாம் எடுத்துவையுங்கள்.

எங்களுக்கு மே மாதம் மட்டும்தான் லீவு. என்ன செய்வது?

மே மாதம் முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் மலையில் இடியோடு கோடை மழை பெய்யும். நாலைந்து மழை விழுந்துவிட்டால் முதுமலை பத்தே நாளில் பச்சையாகிவிடும், தீ பயமும் போய்விடும். அதனால் மே முதல் வாரத்தைவிட மூன்றாவது வாரம் நல்லது. கூட்டம்தான் தொல்லை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவில் வந்தது அது. வண்டி எண்ணைப் பதிவு செய்து பாஸை எடுத்த பிறகே கிளம்புங்கள். அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லை இல்லை.

மே மாதத்தில் எனக்குப் பிடித்த தேர்வு தேக்கடி. அதைக் கீழே சொல்கிறேன்.

டாப்ஸ்லிப், வால்பாறை?

ஆனைமலைக் காட்டில் இருக்கும் டாப்ஸ்லிப்புக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வால்பாறைப் பக்கம் கொட்டுகிற மழையில் அட்டை கடிக்கும், சாலையில் மண் சரியும். சிறு பிள்ளைகளோடு அப்போது போக வேண்டாம்.

இங்கே பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கூடு கட்டும் காலத்தில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சின்ன இடுக்கு மட்டும் விட்டிருக்கும். ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து அந்த இடுக்கு வழியாக ஊட்டும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இது நடக்கிறது. பார்க்கக் கிடைத்தால் பாக்கியம். ஆனால் மரத்தடியில் ஆள் நின்றால் ஆண் கிட்டே வராது, உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி கிடக்கும். வனத்துறை வழிகாட்டி எவ்வளவு தூரத்தில் நிற்கச் சொல்கிறாரோ அந்த இடத்தைத் தாண்டாதீர்கள். வால்பாறை எஸ்டேட்டுகளுக்கு நடுவே சோலைத் துண்டுகளில் சிங்கவால் குரங்கு ஆண்டு முழுக்க இருக்கிறது, அதற்கு மாதக் கணக்கு வேண்டியதில்லை.

பர்மா தேக்குத் தூண்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு டாப்ஸ்லிப்பின் தேக்குக் காடு இன்னொரு விதத்தில் நெருக்கமானது. ஆங்கிலேயர் காலத்தில் கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் வெட்டி மலையிலிருந்து உருட்டிவிட்டே தீர்த்த காடு அது. ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி திரும்ப நட்டு வளர்த்தார். 1933இல் இறந்த அவருடைய கல்லறை அந்த மரங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. ஜனவரிக்குப் பிறகு தேக்கு இலை உதிர்ந்துவிடும், நிழலோடு பார்க்க வேண்டுமானால் டிசம்பரில் போங்கள்.

மன்னார் வளைகுடா பக்கம்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாமா?

கூடாது. கடலுக்கும் மாதம் உண்டு. 1986இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்கா ராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர். பெரும்பாலான தீவுகளில் இறங்க அனுமதி இல்லை. பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு உண்டு.

ராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகடல் கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்று அடிக்கும் வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்கடல் கொந்தளிக்கும். பூங்கா இருப்பது தென்கடலில். மழையும் காற்றும் ஓய்ந்த தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரைதான் இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் அமைதியான காலம். காற்று பலமாக இருந்தால் படகை விடமாட்டார்கள், விட்டாலும் கலங்கிய தண்ணீரில் பவளம் தெரியாது.

சித்திரை, வைகாசியில் கடல் தண்ணீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போவது உண்டு. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே பெரிய அளவில் நடந்தது. பவளத்துக்குள் வாழும் நுண்பாசி வெளியேறிவிடுவதால் நிறம் போகிறது. சூடு நீடித்தால் பவளம் இறந்தும் விடுகிறது. ஏப்ரல், மே மாதத்தில் போனால் அந்த வெளுப்பைத்தான் பிள்ளைகள் பார்க்க நேரலாம்.

பிப்ரவரியில் போனால் இன்னொரு லாபம், தனுஷ்கோடிப் பக்கத்து உப்பங்கழியில் பூநாரைகள் நிற்கும். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ரயில் மறுபடி ராமேசுவரம் வரை போகிறது. காரைக்குடியிலிருந்து ரயிலில் போய், பாலத்தின் மேல் கடலைப் பார்த்துக்கொண்டு போவது பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி.

இரவிகுளம் போனோம், மூடியிருந்தது. ஏன்?

பிப்ரவரி அல்லது மார்ச்சில் போயிருப்பீர்கள். மலைப்பாறைகளில் வாழும் காட்டு ஆடான வரையாடு குட்டி போடும் காலம் அது. ஒவ்வொரு ஆண்டும் அந்த இரண்டு மாதத்தை ஒட்டிப் பூங்காவை மூடிவிடுகிறார்கள், திறக்கும் தேதியைக் குட்டிகளின் நிலையைப் பார்த்து அறிவிக்கிறார்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. அதற்காக நம் பயணத்தை இரண்டு மாதம் தள்ளிவைப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. ஏப்ரலில் திறந்ததும் போனால் தாயோடு துள்ளும் குட்டிகளைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். போடிமெட்டு ஏறிப் போகும்போது மூடுபனியில்லாத வழியும் கிடைக்கும்.

குறிஞ்சிக்காகப் போக நினைப்பவர்கள் 2030 வரை காத்திருக்க வேண்டும். கடைசியாக 2018இல் பூத்தது, 12 ஆண்டுக்கு ஒருமுறை. அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மலையே நீலமாக இருக்கும்.

தேக்கடி?

மார்ச் முதல் மே நடுப்பகுதி வரை. 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் ஏரிக்குள் நிற்கின்றன. அந்த அணைத் தண்ணீர்தான் சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்து, வைகையோடு சேர்ந்து, நம் சிவகங்கை மாவட்டத்தின் ஒரு பகுதி வயல்களையும் எட்டுகிறது. கோடையில் ஏரி இறங்கிக் கரையில் இளம்புல் முளைக்கும். யானைக் கூட்டமும் காட்டுமாடும் மிளாவும் புல்லுக்கும் தண்ணீருக்கும் கரைக்கு வரும். படகில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்பதால் முட்டி வலியுள்ள பெரியவர்களுக்கு இதைவிட வசதியான காடு கிடையாது. முதல் படகைப் பிடியுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் கம்பம், குமுளிச் சாலை முழுக்க ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இருக்கும். மகரஜோதி முடியும் வரை வேறு இடம் பாருங்கள்.

ஆயா, ஐயா, கைக்குழந்தை எல்லோரும் வருகிறார்கள். எது சரிவரும்?

ஜனவரி என்றால் வேட்டங்குடி. பிப்ரவரி என்றால் ராமேசுவரம். கோடை என்றால் தேக்கடி. முதுமலையை இந்தக் கூட்டத்தோடு டிசம்பர், ஜனவரியில் வைத்துக்கொள்ள வேண்டாம், வளைவுப் பாதையும் விடியற்காலைக் குளிரும் ஆயாவுக்குத் தாங்காது. கட்டுச்சோறு, தேன்குழல், சீடை எல்லாம் எடுத்துப் போகலாம். ஆனால் நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் தூக்கும் பாட்டிலும் போதும். குரங்குக்கு ஒரு முறுக்குகூடப் போடாதீர்கள்.

மலேசியாவிலிருந்து வருகிறோம். மார்கழியில் இரண்டு வாரம்தான் ஊரில் இருப்போம்.

நல்ல மாதத்தில்தான் வருகிறீர்கள். பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொண்ட கையோடு வேட்டங்குடிக்கு ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள். மார்கழியில் கல்யாணம் இல்லாததால் வீட்டில் யாரும் தடுக்கமாட்டார்கள். மூன்று நாள் கிடைத்தால் டாப்ஸ்லிப். டிசம்பர் 24க்கும் ஜனவரி 2க்கும் நடுவே மட்டும் மலைப்பக்கம் போகாதீர்கள், அரையாண்டு லீவும் புத்தாண்டும் சேர்ந்து எங்கும் அறை இருக்காது.

மலையேற்றம் போக எது காலம்?

அக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை, புயல் எச்சரிக்கை இல்லாத நாட்களில். தீக்காலத்தில் கண்டிப்பாக வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று போடிப் பக்கம் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட காட்டுத்தீ இன்றும் நெஞ்சைப் பிசைகிறது. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. வனத்துறை அனுமதித்த பாதை, அனுமதித்த காலம், கூடவே வழிகாட்டி. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் போகாதீர்கள்.

கிண்டியும் முக்கூர்த்தியும்?

கிண்டி சென்னைக்குள் இருக்கும் 2.7 சதுர கிலோமீட்டர் காடு. புள்ளிமானும் வெளிமானும் உண்டு. சென்னையில் வேலை இருக்கும்போது போய்வரலாம், அதற்கென்று மாதம் பார்க்க வேண்டாம். முக்கூர்த்தி சுற்றுலாவுக்கான இடமில்லை.

எந்த மாதம் போனால் புலி தெரியும்?

கோடையில் தண்ணீரைத் தேடி வருவதால் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். புலிக்காக மட்டும் போகாதீர்கள் என்பது என் கருத்து. செந்நாய்க் கூட்டம் ஒன்று மானை வளைப்பதையோ, யானைக் குட்டி தாயின் காலுக்கு நடுவே நடப்பதையோ பார்த்துவிட்டு "புலி இல்லையே" என்று சொல்கிற பிள்ளையை நான் கண்டதில்லை. பெரியவர்கள்தான் சொல்கிறார்கள்.

எவ்வளவு முன்னால் திட்டமிட வேண்டும்?

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தை மாதப் பயணத்துக்குக் கார்த்திகைத் தொடக்கத்தில் உட்கார்ந்தால் போதும். வனத்துறை விடுதிகள் சனி, ஞாயிறுக்கு முதலில் நிறையும். செவ்வாய், புதன் கிடைக்குமா என்று பாருங்கள்.

கிளம்பும் முந்தின நாள் எதைப் பார்ப்பது?

பூங்கா திறந்திருக்கிறதா என்பதை முதலில். தீ, கனமழை, புலிக் கணக்கெடுப்பு என்று ஏதாவது காரணத்துக்காகச் சவாரியை நிறுத்தியிருக்கலாம். நாடு முழுவதுமான புலிக் கணக்கெடுப்பு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும். அப்புறம் வானிலை எச்சரிக்கை, மலை மாவட்டம் என்றால் இ-பாஸ். முதுமலையிலிருந்து மைசூர்ப் பக்கம் போவதாக இருந்தால் பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும், அதற்கு ஏற்ப நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். வேட்டங்குடிக்கு இவை எதுவும் வேண்டாம். தண்ணீர் கிடக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு, விடிவதற்குள் காரைக்குடியை விட்டுக் கிளம்பினால் போதும்.